ஏழாம் நம்பர் நண்டு பொரித்த காலை

சுபாஷிணி டெல்லிக்கு வந்தது கல்யாணமான மூன்றாம் மாதம். சிதம்பரத்தில் விலங்கியல் படித்து முடித்திருந்தாள். கணவர் வேதாந்தம் மத்திய அமைச்சகம் ஒன்றில் உதவியாளர். கோல் மார்க்கெட் பக்கத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். நாலு வருடம் கழித்து, பெண் சுபிக்ஷா நடக்க ஆரம்பித்தபோது, ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. எலி, தவளை, மீன் என்று எதைக் கொடுத்தாலும் சாகாமல் வைத்துக்கொள்ளும் கை அவளுடையது. அதனால்தான் டாக்டர் மது அந்தத் துறைக்கு வந்து, நண்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னபோது, துறைத் தலைவர் யோசிக்காமல் சுபாஷிணியைக் கைகாட்டினார்.

கடலே இல்லாத ஊரில் நண்டா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆசாரமான ஐயங்கார் வீட்டில் வேறு கேள்வி. ஊரிலிருந்து வந்திருந்த ஓர்ப்படி முகத்தைச் சுளித்தாள். வேதாந்தம்தான் பேச்சை முடித்து வைத்தார்.

“சாப்பிடறவாதான் பாவத்துக்குப் பயப்படணும். இவ வளக்கறவ.”

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் பவுனு என்ற பெண் நண்டு பிடிப்பவள். சினை நண்டாகப் பொறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி அனுப்புவாள். பெட்டி சென்னை வரை பஸ்ஸில் வரும், அங்கிருந்து விமானத்தில். சுபாஷிணி உப்பைக் கரைத்துக் கடல்நீர் தயாரித்து வைத்திருப்பாள். சிவந்த இடுக்கி உள்ள, உள்ளங்கையில் அடங்கும் நண்டுகள். வயிற்றடியில் மடல் போல மடிந்திருக்கும் பகுதிக்குள் முப்பதாயிரம் முட்டைகளைக் கொத்தாக ஒட்டவைத்துக்கொண்டு மூன்று வாரம், நாலு வாரம் சுமக்கும். பிறகு ஒரு நாள், இருட்டு விழுந்து, உப்பங்கழியில் ஏறிய கடல் வடியத் தொடங்கும் வேளையில் அத்தனை முட்டையும் ஒன்றாகப் பொரிந்துவிடும். முப்பதாயிரத்துக்கும் சேர்த்து கால் மணி நேரம்தான். வடியும் தண்ணீர் குஞ்சுகளைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். நேரம் தப்பிப் பொரிந்தால் கழியிலேயே மீனுக்கு இரை.

டெல்லிக்கு வந்த பிறகும் நண்டுகள் அந்தக் கணக்கை மறப்பதில்லை. ஏற்றமும் வற்றமும் இல்லாத கண்ணாடித் தொட்டியில் இருந்துகொண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கடலின் நேரத்துக்குப் பொரித்தன. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது தாயா, முட்டைகளா? டாக்டர் மதுவின் ஆராய்ச்சி அதுதான்.

ராத்திரி ராத்திரியாக யார் காத்திருப்பது? மது ஒரு வழி செய்தாள். துறையின் நிலவறையில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் பகலை இரவாக்கினாள். அங்கே விளக்கு இரவு ஒன்பதுக்கு எரியும், காலை ஒன்பதுக்கு அணையும். ஒரு வாரம் அந்த வெளிச்சத்தில் பழகினால், நண்டுகளுக்கு நம் காலை அவற்றின் மாலையாகிவிடும். மங்கலான சிவப்பு விளக்கில் வேலை செய்ய வேண்டும். வேறு வெளிச்சம் துளியும் கூடாது. ஒரு முறை ஒரு மாணவியின் செல்போன் திரை பளிச்சென்று எரிந்து, பொரிக்கத் தயாராக நின்ற நண்டு பின்வாங்கிவிட்டது. அன்றைக்கே சுபாஷிணி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கதவுக்கு வெளியே வைத்தாள். உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மது சொல்லி வந்த விதியல்ல அது, சுபாஷிணியே போட்டது.

வேதாந்தம் ஆய்வகத்தில் கால் வைத்ததே இல்லை. ஆனால் மயூர் விஹாரில் வீடு வாங்கிக் குடிபோன பிறகு, காலையில் காபியோடு உட்கார்ந்து கடலூர்ப் பக்கத்தில் கடல் ஏறும் நேரத்தைப் போனில் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கழிக்குள் தண்ணீர் வந்து சேர எவ்வளவு தாமதமாகும் என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். “இன்னிக்குப் பதினொண்ணே கால், சுபா,” என்பார். அநேகமாகச் சரியாக இருக்கும்.

ஹோலிக்கு மறுநாள் அது. முந்தின நாள்தான் பங்குனி உத்திரம். படிக்கட்டிலெல்லாம் ரோஜா நிறப் பொடி. சுபாஷிணி ஆறு மணிக்கே குளித்துவிட்டாள். ஏழாம் நம்பர் தொட்டியில் இருந்த நண்டின் முட்டைகளில் கண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்துவிட்டிருந்தன. அன்றைக்கு நிச்சயம் பொரிக்கும். நாலு நாள் முன்பு அதன் கொத்திலிருந்து கொஞ்சம் முட்டைகளைக் கத்தரித்து மூன்று கோப்பைகளில் தனியாக விட்டிருந்தாள். முந்தின நாள் கத்தரித்தது இன்னொரு மூன்று கோப்பை. தாய் பொரிக்கும் அதே நேரத்தில் இவை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இப்படி எல்லாம் கூடி வருவது நாலு மாதத்தில் முதல் தடவை. மது கருத்தரங்குக்காகச் சென்னை போயிருந்தாள். சுபாஷிணி ஒருத்திதான்.

வேதாந்தம் லீவு போட்டிருந்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். முந்தின நாள் தின்ற ஹோலி இனிப்பு, அந்தக் குஜியா ஒத்துக்கொள்ளவில்லை, வாயுவாக இருக்கும் என்றார்.

“இன்னிக்கு நீ கொஞ்சம் லேட்டாப் போப்படாதா?” என்று கேட்டார்.

“ஒம்பதுக்கு லைட் அணைஞ்சுடும்னா. அதுக்கு முன்னாடி நான் உள்ள இருந்தாகணும். ஜீரா ஜலம் போட்டுத் தரேன், படுத்துக்கோங்கோ.”

சீரகத் தண்ணீரைக் குடித்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. வேர்வை இருந்ததா என்று பின்னால் பல முறை யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. செருப்பை மாட்டும்போது அவர் போனைப் பார்த்துச் சொன்னார்: “பதினொரு மணிக்குள்ள ஆயிடும் உனக்கு.”

மெட்ரோவில் கூட்டமில்லை. ராஜீவ் சௌக்கில் மாறி, எட்டரைக்கெல்லாம் துறைக்கு வந்துவிட்டாள். விடுமுறை மயக்கத்தில் இருந்தது கட்டிடம். காவலாளி பையாவைத் தவிர யாருமில்லை. போனின் மணியை நிறுத்தி, டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒன்பதுக்கு விளக்கு அணைந்தது. சிவப்பு வெளிச்சத்தில் ஏழாம் நம்பர் ஒரு மூலையில் அசையாமல் கிடந்தது. பத்து மணிக்குமேல் எழுந்தது. கால் நுனிகளில் உயர்ந்து நின்றது. பிறகு வயிற்று மடல் மெல்ல விரிந்து மூடத் தொடங்கியது. சுபாஷிணி மூச்சை அடக்கிக்கொண்டு கோப்பைகளைப் பார்ப்பதும் தொட்டியைப் பார்ப்பதுமாக இருந்தாள். பத்து ஐம்பத்திரண்டுக்கு நண்டு உடம்பு முழுக்க உதறியது. விடாமல் உதறியது. தண்ணீர் கஞ்சி கலந்தது போல வெளிறியது. அத்தனையும் குஞ்சுகள், வாலை வெட்டி வெட்டி நீந்தும் தூசிகள். அதே நேரத்தில் பக்கத்து மேஜையில், முந்தின நாள் பிரித்த மூன்று கோப்பைகளும் கலங்கின. தாயைத் தொடாமல், அவள் உதறலை உணராமல், வேறு தண்ணீரில் கிடந்த முட்டைகள் அவளோடு சேர்ந்து பொரிந்தன. நாலு நாள் முன்பு பிரித்த கோப்பைகள் மட்டும் சும்மா கிடந்தன.

பதினொன்று எட்டுக்கு எல்லாம் ஓய்ந்தது.

அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சும்மா கிடந்த கோப்பைகளில் எத்தனை பொரிந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, ஒன்றுமில்லை, ஒன்று. எண்ணினாள். எழுதினாள். மது திரும்பி வந்ததும் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த இருட்டறையில் அன்று அவள் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தாள். இருபத்தெட்டு வருட வேலையில் அப்படி ஒரு காலை வாய்த்ததில்லை.

ஒன்றரைக்குக் கதவைத் திறந்தாள். டப்பாவுக்குள் போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று தவறிய அழைப்புகள். முதல் இரண்டும் வேதாந்தத்திடமிருந்து, பத்து இருபத்திரண்டுக்கும் பத்து முப்பத்தொன்றுக்கும். பிறகு மேல்வீட்டு சுந்தரேஷ். மற்றதெல்லாம் சுபிக்ஷா, குர்காவ்ன் ஆபீஸிலிருந்து, டாக்ஸியிலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து. அவள் துறையின் தொலைபேசிக்கும் ஏழெட்டுத் தடவை அடித்திருக்கிறாள். பூட்டிய ஆபீஸ் அறைக்குள் மணி அடித்து ஓய்ந்திருக்கிறது.

வேதாந்தம் பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்விட்டார். மாரடைப்பு. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுபிக்ஷா அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழவில்லை. “அப்பா கேட்டுண்டே இருந்தார்,” என்றாள். “எங்கம்மா இருந்தே நீ?”  சுபாஷிணியின் கையில் இன்னும் உப்புத்தண்ணீர் நாற்றம் இருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காரியங்கள் எல்லாம் மயூர் விஹாரிலேயே நடந்தன. பதின்மூன்று நாளும் சுபிக்ஷா கூடவே இருந்து ஒன்றுவிடாமல் செய்தாள். அம்மாவிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாலாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு குர்காவ்ன் போய்விட்டாள்.

முதல் மாசிகத்துக்கு வந்த வாத்தியார் சங்கல்பம் சொல்லும்போது, கிருஷ்ண பக்ஷம், பிரதமை என்று திதியைச் சொன்னார். சுபாஷிணி சட்டென்று நிமிர்ந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள். கடல் ஏறுவதும் வடிவதும் நிலவைப் பார்த்துத்தான். இனி ஒவ்வொரு மாதமும் அவர் திதி வரும் நாளில், பிச்சாவரத்தில் தண்ணீர் அதே நேரத்துக்கு ஏறி அதே நேரத்துக்கு வடியும், நண்டுகள் தண்ணீரோரத்துக்கு வந்து உதறும். யாரும் போனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பிண்டம் பிடிக்கும் மைத்துனர் கையைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த சுபிக்ஷா என்னவென்று கேட்கவில்லை.

மூன்று மாதம் லீவில் இருந்தாள். ஜூன் வெயிலில் ஒரு நாள் மது வீட்டுக்கு வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. கையில் ஆய்வகக் குறிப்பேடு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சுபா ஜி, அன்னிக்கு உள்ள பேஜ் எல்லாம் தமிழ்ல இருக்கு. எனக்குப் படிக்க வரலை. வேற யார்கிட்டயும் காட்ட மனசு இல்லை. நீங்க சொன்னா, அந்த நாள் டேட்டாவையே எடுத்துடறேன். நிஜமாத்தான்.”

அவசரத்தில் எப்போதும் தமிழில் குறிப்பது சுபாஷிணியின் பழக்கம், பிறகுதான் ஆங்கிலத்தில் படியெடுப்பாள். அன்று படியெடுக்கவில்லை.

“எழுதியிருக்கோல்லியோ,” என்றாள். “படிக்கறேன். எழுதிக்கோங்கோ.”

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பத்து பத்து: ஏழாம் நம்பர், அசைவில்லை. பத்து இருபத்திரண்டு: எழுந்துவிட்டாள், கால் நுனியில் நிற்கிறாள்.

அங்கே குரல் நின்றது. மது பேனாவை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். சுபாஷிணி விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முதல் முறை கூப்பிட்ட அந்த நிமிடத்தில், தான் ஒரு நண்டு எழுந்து நிற்பதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். தன் கையெழுத்தே அதைச் சொல்கிறது. அழகாக, நிதானமாக எழுதியிருந்தது.

“பத்து முப்பத்தொண்ணு,” என்று தொடர்ந்தாள். “மடல் அசையறது. நிமிஷத்துக்கு அஞ்சு தடவை.”

முழுதும் படித்தாள். பத்து ஐம்பத்திரண்டு, பொரிந்தது. பதினொன்று எட்டு, முடிந்தது. பிறகு ஒரு பக்கம் நிறைய எண்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு நேரே ‘இரண்டு’ என்றிருந்தது. அதையும் படித்தாள். மது குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று சுபாஷிணியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஜூலையில் சுபாஷிணி வேலைக்குத் திரும்பினாள். இருட்டறைக்குப் போக வேண்டாம் என்று மது சொல்லிப் பார்த்தாள். வேறு என்ன தெரியும் எனக்கு என்று கேட்டுவிட்டுப் போனாள். வாரத்தில் நாலு நாள் உப்புக் கரைத்தாள், தொட்டி கழுவினாள், செத்ததை எடுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்தால் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருத்திக்குச் சமைக்கப் பிடிக்காமல் பல நாள் தயிர்சாதத்தோடு சரி.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்கிக் காகிதங்களில் கையெழுத்து வாங்க சுபிக்ஷா வந்திருந்தாள். அப்போது மேல்வீட்டு சுந்தரேஷ் இறங்கி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு வேதாந்தத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார்.

“ஆறு மாசமா மனசுக்குள்ள வச்சுண்டிருக்கேன். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலை. அன்னிக்கு அவர் கூப்பிட்டு நான் கீழ வந்தேன். அவரா எழுந்து கதவைத் திறந்துட்டு சோபால உக்காந்தார். நான் உங்களுக்குப் போன் போட்டேன். அப்ப அவர் சொன்னார், ‘அவ இப்ப எடுக்கமாட்டா. நாழி அப்படி. பதினொரு மணிக்கு மேல பண்ணுங்கோ, ஓடி வந்துடுவா’ன்னு. கோவமா சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னார்.”

 சுந்தரேஷ் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு எழுந்து போய்விட்டார்.

சுபாஷிணி முகத்தை மூடிக்கொண்டாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் போகவில்லை. ஆறு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது அது ஒன்றுதான். அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பதினொரு மணி என்றல்லவா சொல்லியிருக்கிறார்.

அதையேதான் பெண்ணும் நினைத்திருக்க வேண்டும். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“பதினொரு மணிக்கு உன் நண்டு வேலை முடிஞ்சுடுத்தா?”

“பதினொண்ணு எட்டுக்கு.”

“அப்பா பன்னண்டு நாப்பது வரைக்கும் இருந்தார்மா.”

“தெரியும்.”

“அதுவரைக்கும் உள்ள என்ன பண்ணிண்டிருந்தே?”

பொய் சொல்ல இடம் இருந்தது. கதவு திறக்கக் கூடாது, விதி அப்படி என்று சொல்லியிருக்கலாம். சுபாஷிணி கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“எண்ணிண்டிருந்தேன். நாலு நாள் முன்னாடி அம்மாகிட்டேர்ந்து பிரிச்ச முட்டையெல்லாம் ஒண்ணு ஒண்ணாப் பொரிஞ்சுது. அதை எண்ணிண்டிருந்தேன். நடுவுல வெளில வந்து போனைப் பார்த்திருக்கலாம். தோணலை. நன்னா இருந்தது எனக்கு அன்னிக்கு. அதான் தோணலை.”

சுபிக்ஷா எழுந்து சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மாவுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  மாலை நாலு மணிக்கு, வீட்டில் என்ன காய் இருக்கிறது என்று பெண் கேட்டாள். முட்டைக்கோஸ் இருந்தது. அதை நறுக்கினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அதற்குப்பின் மாதம் ஒருமுறை, மாசிகத்துக்கு என்று வருவாள். சில தடவை முந்தின நாளே வந்துவிடுவாள். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. அப்பாவின் பேச்சு வந்தால் இருவரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். ஆனால் போன் செய்தால் உடனே எடுத்தார்கள், இரண்டு பக்கமும்.

மறு வருடம் வருஷாப்தீகம் முடிந்த வாரத்தில் மதுவின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாக சுபாஷிணி வேதாந்தம் என்றிருந்தது. மது அச்செடுத்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். சுபிக்ஷா அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்து, புரியாத இடத்தில் நிறுத்தி, அம்மாவைக் கேட்டாள். அம்மாவின் வேலை என்ன என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த வகை நண்டில் தாய் கடைசி இரண்டு நாளில் முட்டைகளுக்கு நேரத்தைச் சொல்லிவிடுகிறாள் என்று சுபாஷிணி விளக்கினாள். அதற்கப்புறம் பிரித்தாலும் அவை நேரம் தப்புவதில்லை. அதற்கு முன்னால் பிரித்துவிட்டால் தட்டுக்கெட்டுப் போகின்றன. சில இரண்டு நாள் கழித்துப் பொரியும், பாதி பொரியாமலே சாகும்.

“எப்படிச் சொல்றது தாய்?”

“அது இன்னும் தெரியலை.”

நாலாம் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. பன்னிரண்டு நண்டுகள், பன்னிரண்டு வரிசைகள்.

“இதுல அன்னிக்குப் பொரிச்சது எது?” என்று சுபிக்ஷா கேட்டாள்.

சுபாஷிணி காட்டினாள். ஏழு. 10:52. 11:08. அவ்வளவுதான் இருந்தது, மற்ற வரிசைகளைப் போலவே. சுபிக்ஷா அந்த வரிசையை விரலால் தொட்டாள். பிறகு காகிதங்களை மடித்து உறையில் போட்டாள். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவாய் என்று அம்மாவைக் கேட்டாள். ஏழரைக்கு என்றாள் சுபாஷிணி. மெட்ரோ வரைக்கும் நானும் வரேன் என்றாள் பெண்.